அமெரிக்க ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங்குக்கு டிப்ஸ்: எவ்வளவு, எப்போது, எங்கே வைப்பது

அமெரிக்காவுக்கு முதல் முறை ஆன்சைட், அதாவது கம்பெனி அனுப்பி வேலைக்கு, வருகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. ரெஸ்டாரண்டில் டிப்ஸ் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பில்லிலேயே 18, 20 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். ஆனால் ரூமைச் சுத்தம் செய்கிறவர் நம்மிடம் பில் எதுவும் நீட்டுவதில்லை, பெரும்பாலும் நாம் இருக்கும்போது வருவதும் இல்லை. காலையில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம், சாயங்காலம் வந்தால் விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கிறது, துண்டு மடித்து வைத்திருக்கிறது, குப்பைக்கூடை காலியாக இருக்கிறது. இதைச் செய்தவர் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

நானும் முதல் மூன்று வாரம் ஒரு டாலர்கூட வைக்கவில்லை. டல்லாஸ் பக்கத்தில் இர்விங்கில், ரூமுக்குள்ளேயே சின்ன அடுப்பும் சிங்க்கும் இருக்கும் ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்தேன். ஒருநாள் லேப்டாப் சார்ஜரை மறந்துவிட்டு நடுப்பகலில் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது, வாசலை அடைத்தபடி துண்டும் சோப்பும் அடுக்கிய வண்டி நின்றது. உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா பாத்ரூம் தரையில் முட்டி போட்டுக்கொண்டு, வாஷ்பேசின் மேடையின் வெள்ளை விளிம்பில் இருந்த மஞ்சள் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல்நாள் ராத்திரி குழம்புச் சட்டியை நான் அங்கே வைத்துத்தான் கழுவினேன், அடுப்புப் பக்கம் இருந்த சிங்க் சின்னது என்று. அவர் ஸ்பிரே அடிப்பதும், கொஞ்சம் பொறுத்துப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பதும், மறுபடி ஸ்பிரே அடிப்பதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் "சாரி, சாரி" என்று சொல்லி எழுந்திருக்கப் பார்த்தார். கறையை வைத்தது நான், சாரி சொன்னது அவர். அன்று ராத்திரிதான் உடன் வேலை பார்த்த நண்பரிடம் இதைப் பற்றி முதன்முதலாகக் கேட்டேன்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், கொடுத்துத்தான் ஆக வேண்டுமா

சட்டம் எதுவும் இல்லை. கொடுக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், ரூம் சாவியைப் பிடுங்க மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் வைக்காமல் போகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த ஊர் வழக்கத்தில் இது எதிர்பார்க்கப்படும் ஒன்று. அமெரிக்க ஹோட்டல் அண்ட் லாட்ஜிங் அசோசியேஷன் என்ற ஹோட்டல்காரர்கள் சங்கமே, ஒரு ராத்திரிக்கு 1 முதல் 5 டாலர் வரை, அதுவும் தினமும் வையுங்கள் என்று விருந்தினர்களுக்குச் சொல்கிறது. நடத்தை முறைகளைப் பற்றி ஆலோசனை சொல்லும் எமிலி போஸ்ட் நிறுவனமும் ஒரு நாளைக்கு 2 முதல் 5 டாலர் என்கிறது.

ரெஸ்டாரண்ட் சர்வரையும் ஹவுஸ்கீப்பிங்கையும் ஒப்பிட்டு ஒரு வாதம் வரும். சர்வருக்கு மத்திய அரசின் சட்டப்படி முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991லிருந்து அது மாறவில்லை, மீதியை டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். ஹவுஸ்கீப்பிங்குக்குப் பொதுவாக முழு மணிக்கூலி உண்டு, அதனால் அவர்களுக்கு டிப்ஸ் அவசியமில்லை என்பார்கள். ஆனால் அந்த முழுக்கூலிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு மணிக்கு 7.25 டாலர்தான், அது 2009லிருந்து அப்படியே நிற்கிறது. டெக்சஸில் மாநிலச் சட்டமும் அதே 7.25தான். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். நடைமுறையில் பல ஹோட்டல்கள் சட்டம் சொல்வதற்கு மேலேயே கொடுக்கின்றன என்றாலும், அதில் இந்த ஊர் வாடகை கட்டிக் குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை.

வேலையின் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு ஷிஃப்டில் 12, 14, 16 ரூம் வரை ஒதுக்குவது சகஜம். எட்டு மணி நேரத்தை அதால் வகுத்தால் ரூமுக்கு அரை மணியோ அதற்குச் சற்றுக் கூடுதலோதான் கிடைக்கும். அதற்குள் கனமான மெத்தையின் நான்கு மூலையையும் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும், பாத்ரூம் கழுவ வேண்டும், கார்ப்பெட்டில் வேக்குவம் போட வேண்டும். கோவிட் வந்த 2020க்கு அப்புறம் பல ஹோட்டல்கள் தினசரிச் சுத்தத்தை நிறுத்தி, கேட்டால் மட்டும் செய்வது என்று மாற்றிவிட்டன. நமக்கு அது வேலை குறைந்ததுபோலத் தெரியும். உண்மையில் நான்கு நாள் அழுக்கு ஒரே நாளில் சேர்ந்து, செக்-அவுட் அன்று அதே அரை மணிக்குள் முடிக்க வேண்டியதாகிறது. 2024 செப்டம்பரில் லேபர் டே விடுமுறையை ஒட்டி, யுனைட் ஹியர் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த சுமார் 10,000 ஹோட்டல் ஊழியர்கள் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் கோவிட் காலத்தில் குறைத்த ஆட்களையும் சேவையையும் திரும்பக் கொண்டுவருவதும் ஒன்று.

சம்பளத்தை உயர்த்த வேண்டியது ஹோட்டல்தானே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. 2014ல் மாரியட் என்ற பெரிய ஹோட்டல் நிறுவனம் தன் ரூம்களில் டிப்ஸுக்கென்றே உறைகளை வைத்தபோது இங்கே எல்லோரும் கேட்டது அதைத்தான். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் நான் இன்று 3 டாலர் வைக்காமல் கிளம்புவதால் அவர் சம்பளம் உயர்ந்துவிடாது, அந்த 3 டாலர் அவருக்கு இல்லாமல் போகும், அவ்வளவே.

எவ்வளவு

ரூம் வாடகையில் சதவீதம் போட்டுக் குழம்ப வேண்டாம். ராத்திரிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வதுதான் சுலபம். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் என்றால் 2, காலை உணவோடு வரும் நடுத்தர ஹோட்டல் என்றால் 3, நகரத்துக்குள் பெரிய ஹோட்டல், ரிசார்ட், இரண்டு அறை கொண்ட சூட் என்றால் 5. நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது. இது ஆளுக்கு அல்ல, ரூமுக்கு. இரண்டு ரூம் எடுத்திருந்தால் இரண்டிலும் தனித்தனியாக வையுங்கள், ஏனென்றால் இரண்டையும் ஒரே ஆள் சுத்தம் செய்வார் என்று சொல்ல முடியாது.

கூட்டிக் கொடுக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. சின்னக் குழந்தை இருக்கிறது, சோஃபாவை விரித்து நான்கைந்து பேர் படுத்திருக்கிறீர்கள், கல்யாணத்துக்கு வந்து ரூம் முழுக்கப் பூவும் ஹேர்பின்னும் ஜிகினாவும் கிடக்கின்றன, யாருக்காவது வாந்தி வந்துவிட்டது. இப்படியானால் இரண்டு மடங்கு வையுங்கள், வாந்தி என்றால் 10 டாலருக்குக் குறையாமல். கூடுதலாகத் துண்டு, தலையணை, போர்வை கேட்டு ரூமுக்கு யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அவர் கையில் 1 அல்லது 2 டாலர்.

ஆன்சைட்காரர்கள் தங்கும் நெடுநாள் ஹோட்டல்களில் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோதான் முழுச் சுத்தம் நடக்கும். அங்கே ராத்திரிக் கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் 5 முதல் 10 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சமைக்கிறீர்கள் என்றால் 10.

யாரும் உள்ளே வர வேண்டாம் என்று தங்கிய நாள் முழுக்க "டூ நாட் டிஸ்டர்ப்" அட்டையைத் தொங்கவிட்டிருந்தால் அந்த நாட்களுக்கு எதுவும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் போன பிறகு அந்த மொத்த ரூமையும் யாரோ ஒருவர் துடைத்து எடுக்கத்தானே வேண்டும். அதற்குக் கடைசி நாள் ஒரு 5 டாலர்.

சில்லறையை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள்

மனம் இருந்தும் பலர் வைக்காமல் போவது சில்லறை இல்லாத ஒரே காரணத்தால்தான். ஊரில் டாலர் மாற்றும்போது பெரும்பாலும் 100, 50 நோட்டாகத்தான் கையில் கொடுப்பார்கள். முடிந்தால் 1 டாலரும் 5 டாலரும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். இங்கே வந்தபிறகு ஏடிஎம்மில் எடுத்தால் 20 டாலர் நோட்டுகள் வரும். அதை உடைக்கச் சுலபமான இடம் ஹோட்டலின் ஃப்ரண்ட் டெஸ்க்தான், 20 டாலரை நீட்டி ஒரு டாலர் நோட்டாக வேண்டும் என்றால் கல்லாவில் இருக்கும்பட்சத்தில் மாற்றித் தருவார்கள். டெபிட் கார்டு உள்ளவர்கள் மளிகைக் கடையில் சாமான் வாங்கும்போதே கேஷ்பேக் கேட்கலாம், அதாவது பில்லோடு கூடுதலாக ஒரு தொகையைக் கார்டில் பிடிக்கச் சொல்லி அதை நோட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

நாணயத்தைக் குவித்து வைக்காதீர்கள். பாக்கெட்டில் கனக்கிற சில்லறையை மேசையில் கொட்டிவிட்டுப் போனால் அது டிப்ஸா, மறந்து வைத்ததா என்று அவருக்குத் தெரியாது. ரூபாய் நோட்டும் வேண்டாம், அவரால் அதை லேசில் மாற்ற முடியாது. சில ஹோட்டல்களில் இப்போது மேசைமேல் க்யூஆர் கோடு அட்டை இருக்கிறது, போனில் ஸ்கேன் செய்து கார்டில் கொடுக்கலாம். கையில் நோட்டு இல்லாதபோது அது நல்ல வழி. நோட்டு இருந்தால் நான் நோட்டைத்தான் வைப்பேன், அன்றே அவர் கைக்குப் போய்விடும்.

எங்கே, எப்படி

இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பணத்தோடு ஒரு வரி எழுதி வையுங்கள். விருந்தினர் தங்கியிருக்கும் ரூமில் கிடக்கும் பணத்தை ஹவுஸ்கீப்பிங் தொடவே தயங்குவார்கள், ஏனென்றால் "என் மேசைமேல் 10 டாலர் வைத்திருந்தேன், காணோம்" என்று ஒருவர் புகார் கொடுத்தால் போதும், வேலையே போய்விடலாம். அதனால் நீங்கள் டிப்ஸ் என்று நினைத்து மேசையில் வைத்த நோட்டு, சாயங்காலம் வந்து பார்த்தால் அதே இடத்தில் இருக்கும். எடுக்கவில்லையே, வேண்டாம்போல என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ரூமில் இருக்கும் சின்ன நோட்பேடில் ஒரு தாளைக் கிழித்து, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் "ஹவுஸ்கீப்பிங், தேங்க் யூ" என்று எழுதுங்கள், போதும். இந்த வேலையில் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பெண்கள் அதிகம், அதனால் கூடவே ஸ்பானிஷில் "கிராசியாஸ்" என்று நான் சேர்த்து எழுதுவேன். தாளைக் கண்ணில் படுகிற மாதிரி தலையணைமேல், அல்லது பாத்ரூம் மேடையில், கண்ணாடிக்கு முன்னால், ஒரு டம்ளரை மேலே கவிழ்த்து வையுங்கள். தலையணைக்கு அடியில் செருகாதீர்கள், விரிப்போடு சேர்ந்து சுருண்டு சலவைக்குப் போய்விடும். உங்கள் சொந்தப் பணம், வாட்ச், நகை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தின்பண்டத்துக்கும் இதே விதி. அம்மா ஊருக்குக் கிளம்பும்போது பிரிக்காத முறுக்குப் பாக்கெட் ஒன்றைத் தங்கியிருந்த ஹோட்டல் ரூமில் விட்டுவிட்டு வரலாம் என்றார். எழுதி வைக்காமல் விட்டிருந்தால் அது மறந்துபோன பொருள் என்று லாஸ்ட் அண்ட் ஃபவுண்டுக்கோ குப்பைக்கோ போயிருக்கும். உங்களுக்குத்தான் என்று ஒரு வரியும், அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று இன்னொரு வரியும் எழுதி, மேலே 5 டாலரையும் வைத்துவிட்டு வந்தோம். தின்பண்டம் கூடுதல் சந்தோஷத்துக்கு. பணத்துக்குப் பதிலாக அதை மட்டும் வைக்காதீர்கள்.

நேரில் பார்த்தால் கையிலேயே கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் காரிடாரில், வண்டி பக்கத்தில் நின்று கொடுங்கள். அவர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது நாம் நுழைந்து கதவைச் சாத்தக் கூடாது, குறிப்பாக ஆண்கள். தனி ரூமில் தனியாக வேலை செய்யும் இந்தப் பெண்களுக்கு நேர்ந்த தொல்லைகளால்தான் சியாட்டிலில் 2016ல் மக்கள் ஓட்டுப் போட்டும், சிகாகோவில் 2017ல் நகர மன்றம் தீர்மானித்தும், ஹோட்டல்கள் இவர்களுக்கு ஆபத்து பட்டன் (அழுத்தினால் உதவிக்கு ஆளைக் கூப்பிடும் கருவி) கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர் வேலையில் இருக்கும்போது ரூமுக்கு வந்துவிட்டால், கதவைத் திறந்தபடி விட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு, அரை மணி கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு லாபிக்குப் போய்விடுங்கள்.

தினமுமா, கடைசியிலா

தினமும். தினசரிச் சுத்தம் இருக்கும் ஹோட்டலில் இன்று வந்தவர் நாளை லீவில் இருக்கலாம். ஐந்து நாள் ரூமைக் கூட்டிப் பெருக்கியவர் ஒருவர், நீங்கள் மொத்தமாக 15 டாலர் வைத்த அன்று வந்தவர் வேறொருவர் என்று ஆகிவிடும். காலையில் குளித்துக் கிளம்பும்போது, சாவி எடுக்கிற அதே கையோடு நோட்டையும் வைத்துவிடுவது என்று பழகிக்கொள்ளுங்கள். ஃப்ரண்ட் டெஸ்கில் கொடுத்து அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் சரியான ஆளுக்குப் போகும் என்று உறுதி இல்லை.

நம்மவர்கள் ரூமில் கொஞ்சம் கவனிக்க வேண்டியவை

இது டிப்ஸ் பற்றி இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் டிப்ஸை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. டிப்ஸ் வைத்துவிட்டால் எப்படி வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஆகாது.

இங்கே பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. வடிகால் தொட்டிக்குள் மட்டும்தான். மக்கில் மொண்டு ஊற்றிக் குளித்தாலும் சரி, ஷவரில் குளித்தாலும் சரி, திரையைத் தொட்டியின் உட்புறமாக விட்டுக் குளிக்க வேண்டும். வெளியே விட்டுவிட்டால் தரை முழுக்கத் தண்ணீர் தேங்கும், கார்ப்பெட் நனையும், கீழ்த்தளத்துக் கூரையிலும் ஒழுகும். அதைத் துடைத்து எடுக்க ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அந்த முக்கால் மணியை அவருக்கு யாரும் தனியாகத் தரப் போவதில்லை.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிறவர்கள் தலையணைமேல் உங்கள் சொந்தப் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். மஞ்சள், குங்குமம், மருதாணி, இவை எதையும் ஹோட்டலின் வெள்ளைத் துண்டில் துடைக்காதீர்கள், அந்தக் கறை சலவையில் லேசில் போகாது, சில இடங்களில் துண்டுக்கு உங்கள் கார்டிலிருந்தே பிடித்துவிடுவார்கள். சிங்கில் சோற்றுப் பருக்கை, தாளித்த கடுகு, கறிவேப்பிலை போகாமல் வடித்துக் குப்பையில் போடுங்கள். ஊதுபத்தி வேண்டவே வேண்டாம், புகை அலாரம் அடித்தால் மொத்தக் கட்டடமும் வெளியே போய் நிற்க வேண்டி வரும்.

மற்றவர்களுக்கு

சுருக்கமாக: ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரும் ஹோட்டல் வேன் டிரைவர் பெட்டியைத் தூக்கி வைத்தால் பெட்டிக்கு 1 அல்லது 2 டாலர். பெட்டியை ரூம்வரை கொண்டுவருபவருக்கும் அப்படியே. காரை எடுத்து வந்து கொடுக்கும் வாலே ஆளுக்கு 2 முதல் 5. ரூம் சர்வீஸில் பில்லை நன்றாகப் பாருங்கள், டிப்ஸை ஏற்கெனவே சேர்த்திருந்தால் மறுபடி வைக்கத் தேவையில்லை. ஃப்ரண்ட் டெஸ்கில் இருப்பவருக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை.

ரிசார்ட் ஃபீ என்று ஒன்றை ராத்திரிக்கு 30, 40 டாலர் என்று சில ஊர்களில் சேர்ப்பார்கள், லாஸ் வேகஸில் இது நிறைய. அதை ஹவுஸ்கீப்பிங்குக்கான டிப்ஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஹோட்டல் கணக்குக்குப் போகிறது.

இந்த வழக்கத்தை எல்லா நாட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். ஜப்பானில் ரூமில் பணம் வைத்தால், மறந்துவிட்டீர்கள் என்று துரத்தி வந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

கம்பெனி செலவில் வருகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்குத் தரும் தினப்படியில் சில்லறைச் செலவு என்று ஒரு நாளைக்கு 5 டாலர் தனியாக ஒதுக்கியிருக்கிறது, அந்தச் செலவு என்ன என்று விளக்கும் இடத்தில் பெட்டி தூக்குபவருக்கும் ஹோட்டல் ஊழியர்களுக்கும் கொடுக்கும் டிப்ஸைத்தான் சொல்கிறது. பல தனியார் கம்பெனிகளும் இதே முறையைப் பின்பற்றுவதால், உங்கள் பெர்டியம் (தினப்படி) விவரத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி அதில் இருந்தால், அந்தப் பணம் இவர்களுக்காகவே உங்களிடம் தரப்பட்டது, அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கிளம்புகிற நாள்

குப்பையை எல்லாம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். நனைந்த துண்டுகளைப் படுக்கைமேல் போடாமல் தொட்டிக்குள் சேர்த்துப் போடுங்கள். பாத்திரம் இருந்தால் கழுவிவிடுங்கள். படுக்கையை மடித்து வைக்க வேண்டியதில்லை, எப்படியும் முழுவதும் உருவித்தான் எடுப்பார்கள். திரும்பும் விமானம் விடியற்காலையில் இருந்தால் மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், கீழே டாக்சி காத்திருக்கும்போது, நோட்டைத் தேடி எழுதிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அதனால் முந்தின நாள் ராத்திரியே 5 டாலரையும் எழுதிய தாளையும் டிவிக்கு முன்னால் வைத்து, மேலே ரிமோட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.